ஐந்து மாடி ஆராய்ச்சி

லிஃப்டின் கதவு மூடுவதற்குள் சுருக்கக்கா ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லா மாடிப் பொத்தான்களையும் ஒரே இழுப்பாக அழுத்திவிட்டார். ஐந்தாம் மாடிக்குப் போகவேண்டிய சுகாதாரக் குழுத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லா எண்களும் எரிந்துகொண்டிருந்தன.

“யாரும்மா இத்தனையும் அமுக்கி வெச்சது?”

“யாராவது அமுக்கிருக்கலாம்ங்கய்யா.”

“போன வாரமும் இப்படித்தான் இருந்துச்சு.”

“அப்பவும் யாராவது அமுக்கிருக்கலாம்.”

தலைவர் பெருமூச்சு விட்டார். “சரி, வந்தது வந்தாச்சு. சொல்லுங்க, இன்னிக்கு என்ன?”

முதல் மாடியில் கதவு திறந்தது. யாரும் இல்லை. மூடியது. அந்த இடைவெளியில் சுருக்கக்கா ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் மாடி வருவதற்குள் பிரச்சினை, மூன்றாம் மாடி வருவதற்குள் என்ன செய்யலாம், நான்காம் மாடியில் எந்த ஊரில் செய்து பார்த்தார்கள், ஐந்தாம் மாடிக் கதவு திறக்கும்போது இதை எவ்வளவு தூரம் நம்பலாம். அறைக்குள் போனால் தலைவருக்கு ஆறு தொலைபேசி, அறுபது பார்வையாளர். லிஃப்டுக்குள் சிக்னல் கிடையாது, தப்பிக்க வழியும் கிடையாது.

நகரச் சுகாதார அலுவலகத்தில் அவருடைய வேலை இதுதான். எங்கெங்கோ யார் யாரோ செய்யும் ஆய்வுகளைத் தேடிப் படித்து, எது தேறும், எது தேறாது என்று புடைத்து எடுத்து, முடிவெடுக்கிறவர்கள் காதில் போடுவது. பலகையில் பதவியின் பெயர் இரண்டு வரிக்கு நீளும். அதை யாரும் முழுதாகச் சொன்னதில்லை. நூறு பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்குகிறவர், ஆகவே சுருக்கக்கா. அவரைவிட வயதில் மூத்த இயக்குநரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சுருக்கியதில்லை. உயிரைக் கொடுத்து எழுதிய முதல் அறிக்கையைச் சில மாதம் கழித்துக் கூட்ட அறையில் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்குக் கீழே அது இருந்தது. மேஜை இப்போது ஆடவில்லை. “ஆய்வு முடிவுகள் பயன்பாட்டில் உள்ளனன்னு எழுதிக்கலாம்” என்று இயக்குநர் ஆறுதல் சொன்னார். அன்றிலிருந்து ஒற்றைப் பக்கம். “கட்டுக்கட்டா குடுத்தா முட்டுக் குடுப்பாங்க, ஒத்தத் தாளா குடுத்தா ஒரு கண்ணாவது ஓட்டுவாங்க” என்பது அவர் கண்டுபிடித்த விதி. லிஃப்ட் அதற்கு அடுத்த கட்டம்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் அடித்துப் பேச வராது. “ஆகலாம்”, “இருக்கலாம்”, “இதுவரைக்கும் பார்த்ததில் அப்படித்தான் தெரிகிறது.” அவர் வீட்டில் சூரியன்கூடக் கிழக்கில் உதிக்கலாம் என்றுதான் உதிக்கும் என்பது அலுவலகத்துக் கிண்டல். கணவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, “நல்லாருக்கா?” என்று கேட்டால், “எதோட ஒப்பிட்டு?” என்பார். கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர், ஏதோ ஒரு வேரை அரைத்துப் பூசியதில் முட்டிவலி பறந்துபோனது என்று தொடங்கினார். “எத்தனை பேருக்குப் பூசுனீங்க மாமா? பூசாதவங்களுக்கு எப்படி இருந்துச்சு? வேர வித்தவர்தான் சொன்னாரா?” என்று இவர் கேட்க, மாமா அடுத்த பந்திக்கு எழுந்து போய்விட்டார். இன்னும் வலிக்கிற முட்டியோடுதான் போனார் என்று கணவர் சாதிக்கிறார். அதற்கும் சுருக்கக்கா, “நடைய மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது” என்றார்.

போன மழைக்காலத்தில் அவருடைய தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. நடைபாதையில் பாய் விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். பக்கத்துப் பாயிலும் அதே காய்ச்சல், அதற்கடுத்த பாயிலும் அதே. தங்கையின் தெருவில் முந்தின வாரம்தான் கொசுவுக்குப் புகை அடித்திருந்தார்கள். எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் தங்கை கேட்ட முதல் கேள்வி இது:

“ஏங்க்கா, உன் ஆராய்ச்சில நான் எங்க வர்றேன்?”

“நீ ஒரு ஆளுடி. ஒரு ஆள வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

“செத்துருந்தா?”

“அப்பவும் ஒரு ஆளுதான்.”

“நல்ல அக்கா வந்து வாய்ச்சே எனக்கு!”

அவ்வளவும் சொன்ன சுருக்கக்கா, தங்கையின் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மூட்டுகளைப் பிடித்துவிட்டார். அந்தக் காய்ச்சல் மூட்டுமூட்டாக முறுக்கும். வெகுநேரம் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் மழைக்கு முன்னால் நகரசபை ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தது. காய்ச்சல் தடுப்புக்கு இருந்த பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். ஒன்று, புகையடிக்கும் வண்டிகள். இல்லையென்றால், வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், பூச்சாடித் தட்டு என்று தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டவைக்கும் பெண்கள் படையும், தொட்டிகளுக்கு மூடியும். சுருக்கக்கா படித்த ஆய்வுகள் எல்லாம் மூடியின் பக்கம். தலைவர் புகையின் பக்கம். இந்த மழைக்கும் ஆஸ்பத்திரி நடைபாதையில் பாய் விரிக்கவேண்டியிருக்குமா என்பது, தலைவர் கையெழுத்துப் போடும் கூட்டத்தில் தெரிந்துவிடும்.

கூட்டத்தன்று காலையில் தலைவர் ஒரு காரியம் செய்தார். வண்டியின் மகிமையைக் காட்ட, ஒரு வண்டியை வரவழைத்து அலுவலகக் கட்டடத்துக்கே புகை போட்டார். முகமூடி அணிந்து புகை நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டார். படத்தில் தலைவரும் தெரியவில்லை, வண்டியும் தெரியவில்லை. கூட்ட அறை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. எல்லோருக்கும் கண் சிவந்து, துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

இயக்குநர் சுருக்கக்காவின் காதோரம் குனிந்தார். “இன்னிக்கு ஒரு நாள் ‘கண்டிப்பா’ன்னு சொல்லிடுங்க. ஒரே ஒரு தடவை. உங்க வாயால வந்தா மனுஷன் நம்பிடுவார்.”

“கண்டிப்பான்னு சொல்ற அளவுக்கு ஆய்வு இல்லையேங்க.”

“நான் என்ன உங்க தலைல அடிச்சா சத்தியம் பண்ணச் சொன்னேன்?”

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “மூடிய யாரும்மா பாப்பாங்க? அது பாட்டுக்கு வீட்டுக்குள்ள கிடக்கும். புகைன்னா ஊரே பாக்கும். கண்ணு எரிஞ்சாத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை. எங்க அத்தை தெருவுல அடிச்சாங்க. ஒரு கொசு இல்ல!”

“எத்தனை நாளைக்கு இல்லைங்கய்யா?”

“அத அத்தைகிட்டதான் கேக்கணும்.”

சுருக்கக்கா தன் ஒற்றைப் பக்கத்தை நீட்டினார். தலைவர் அதை வாங்கி, மிச்சமிருந்த புகையை அதாலேயே விசிறிக்கொண்டார். பிறகு, “சரி, எதுக்கு வளவளன்னு? புகையால பிரயோஜனமே இல்லன்னு அடிச்சுச் சொல்லுங்க. இப்பவே விட்டுடறேன்” என்றார்.

வாழ்நாளில் இப்படியொரு வாசல் திறந்து யாரும் சுருக்கக்காவை உள்ளே கூப்பிட்டதில்லை.

“பறக்கிற கொசு சாகும்ங்கய்யா. தண்ணில இருக்கிற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு நாள்ல அது பறக்க ஆரம்பிச்சிடும். காய்ச்சல் குறையுதான்னு பாத்தா, குறைஞ்ச மாதிரி தெரியல. ஆனா அந்த ஆய்வுகள்ல சிலது அவ்வளவு நல்லா செஞ்சதுன்னு…”

மேஜைக்கடியில் இயக்குநரின் செருப்பு அவர் காலைத் தேடி வந்து மிதித்தது. தாமதமாகிவிட்டது.

“பாத்தீங்களா, அவங்களுக்கே சந்தேகம்!” தலைவர் மகிழ்ச்சியோடு, புகையடிக்கும் வண்டிகளுக்கான தாளை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

சுருக்கக்கா தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த கண்ணுக்கு நேரே, மேஜை நடுவில், அலங்காரத்துக்கு வைத்த கண்ணாடி பாட்டில் ஒன்று இருந்தது. அதில் தண்ணீர், தண்ணீரில் மணி பிளான்ட் கொடி. மாற்றி ரொம்ப நாளான தண்ணீர். அதற்குள் ஏதோ துள்ளியது. இன்னொன்று துள்ளியது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் ஒரு திருவிழாக் கூட்டமே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிந்தது. காலையில் அவ்வளவு புகை போட்டும், ஒன்றுக்காவது லேசாக உடம்பு சரியில்லை என்று சொல்ல முடியாது.

வேறு யாராக இருந்தாலும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூத்தாடியிருப்பார்கள். சுருக்கக்கா தனக்குள் மல்லுக்கட்டினார். ஒரே ஒரு பாட்டில். புகை படாத இன்னொரு பாட்டில் ஒப்பிட்டுப் பார்க்க இல்லை. தலைவருடைய அத்தையின் கொசுவுக்கும் இந்தப் பாட்டிலுக்கும் என்ன வித்தியாசம்? அதுவும் ஒன்று, இதுவும் ஒன்று. இப்படி ஒற்றை எடுத்துக்காட்டைக் காட்டி முடிவெடுக்கவைப்பதை எதிர்த்துத்தானே இத்தனை வருடம் சம்பளம் வாங்கினார்?

பேனா தாளைத் தொடப் போனது. நடைபாதையில் தங்கைக்குப் பக்கத்துப் பாயில் கிடந்த பெண், தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியாமல் இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துப் பிடித்துக் குடித்தது நினைவுக்கு வந்தது. அவளும் ஒரு ஆள்தான்.

சுருக்கக்காவின் கை நீண்டது. பாட்டிலைத் தலைவர் பக்கமாக, ஜன்னல் வெளிச்சம் விழும்படி, கொஞ்சம் நகர்த்தியது.

“என்னம்மா அது?” தலைவர் குனிந்தார். “இதென்ன நெளியுது?”

“கொசுப் புழுங்கய்யா.”

“இங்கயா? இப்பத்தான புகை அடிச்சோம்!”

“ஆமாங்கய்யா.”

“என் மூக்குக்கு முன்னாடியா?” பேனாவை மேஜைமேல் போட்டுவிட்டு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். எதுவும் கடிக்காமலே கையில் ஓர் அறை விட்டுக்கொண்டார். “தினமும் இங்க உக்காந்துதானய்யா நான் கூட்டம் போடறேன்!”

அத்தோடு விட்டிருக்கலாம். சுருக்கக்காவுக்கு விட வரவில்லை.

“ஐயா, ஒண்ணு சொல்லிடறேன். இது ஒரே ஒரு பாட்டில்தான். இத மட்டும் வெச்சு…”

“ஒரே பாட்டில்லயே இவ்வளவுன்னா, ஊர்ல எத்தனை பாட்டில் இருக்கும்!”

“இந்த மூலைக்குப் புகை எவ்வளவு வந்துச்சுன்னு நாம அளக்கலைங்கய்யா…”

“வந்துச்சும்மா! என் கண்ணு இன்னும் எரியுது! வேற என்ன அளக்கணும்?”

இயக்குநர் இருமினார். புகையால் வந்த இருமல் இல்லை.

“வண்டி வேணாம்” என்றார் தலைவர். “மூடி வாங்குங்க. வீட்டுக்கு வீடு ஆள அனுப்புங்க. முதல்ல என் வீட்டுக்கு அனுப்புங்க.” மூடிகளுக்கான தாளை இயக்குநர், எங்கிருந்து எடுத்தார் என்று தெரியாத வேகத்தில், அவர் முன் வைத்தார். தலைவர் காலைக் கீழே இறக்கினார். ஏதோ தோன்றி முகம் மலர்ந்தது.

“ஒண்ணு பண்ணலாம். ஒவ்வொரு மூடி மேலயும் என் படம். படம் இருந்தா ஜனங்க இன்னும் ஒழுங்கா மூடுவாங்க. என்னம்மா, மூடுவாங்கதான?”

எல்லோரும் சுருக்கக்காவைப் பார்த்தார்கள். இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார். அப்படியொரு ஆய்வு உலகத்தில் எங்கும் இல்லை என்பது சுருக்கக்காவுக்குத் தெரியும். படத்தைப் பார்த்து மூடுவார்களா, படத்துக்காகவே கழற்றி எறிவார்களா, படம் போடாத மூடியோடு ஒப்பிட்டு யார் பார்த்தார்கள்? கேள்விகள் தொண்டைவரை வந்து, வாய் திறந்தும்விட்டது.

தேநீர்த் தட்டில் கடைசியாகக் கிடந்த பிஸ்கட்டை எடுத்து, உடைக்காமல் முழுசாகத் திறந்த வாய்க்குள் திணித்துக்கொண்டார். கன்னம் உப்ப மென்றபடியே, உருண்டு கிடந்த பேனாவை ஒற்றை விரலால் தலைவர் பக்கம் தள்ளினார்.