கடலை உருண்டை தின்ற கை

போன வருஷம் மகளின் பிரசவத்துக்காக மந்தைவெளியிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பினேன். முதல் விமானப் பயணம். மகளுக்காக டப்பாவில் எடுத்துப்போன கடலை உருண்டையில் ஒன்றைப் பக்கத்து சீட் குழந்தைக்கு நீட்டினேன்.

"வேண்டாம் மாமி, கடலை பட்டாலே இவளுக்கு ஆகாது" என்றாள் தாய்.

நானே தின்றேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. கண்பட்டுவிடுமே என்று அதே கையால் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தேன்.

சற்று நேரத்தில் குழந்தையின் முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. தாய் இதற்கென்றே பையில் வைத்திருந்த ஊசியை எடுத்து அதன் தொடையில் போட்டாள்.

"சொன்னேனே மாமி!"

இறங்கியதும் ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். பிழைத்ததா என்று விசாரிக்க, எனக்குப் பெயர்கூடத் தெரியாது.

திரும்பி வரும்போது விமானத்தில் அவர்களே கடலைப் பொட்டலம் கொடுத்தார்கள். அதை நிறுத்தவே மாட்டார்களா? இப்போதெல்லாம் நான் எங்கே போனாலும் அந்த டப்பாவைக் கொண்டுபோவதில்லை. எந்தக் குழந்தை சிரித்தாலும் கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன், என் பேரனிடம்கூட.