சத்தமில்லாத வின்ச்

பள்ளத்தில் விழுந்த வண்டியை இரும்புக் கயிறு கட்டி இழுக்கும் உருளைக்கு வின்ச் என்று பெயர். எண்பதுகளின் தொடக்கத்தில், டிப்ளமோ முடித்த கையோடு, மன்னார்புரம் பக்கம் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இரண்டு வின்ச் இருந்தன.

பழைய லாரியில் இருந்தது ஹைட்ராலிக். என்ஜின் ஓடினால் பம்ப் ஓடும். பம்ப் தள்ளும் எண்ணெய் உருளையைச் சுற்றும். மெதுவாக இழுக்கும், ஆனால் களைக்காது. எண்ணெய் கசிந்து லாரி நிற்கிற இடமெல்லாம் கறுத்துவிடும். ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குப் போய் எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாடை கையை விட்டுப் போகாது. ஜீப்பில் இருந்தது மின்சார வின்ச், பம்பாயிலிருந்து புதிதாக வந்தது. சுத்தமானது, பொருத்துவது சுலபம், என்ஜின் நின்றுபோன வண்டியிலும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். கனமாக இழுத்தால் மோட்டார் சூடாகும்; இடையிடையே ஆறவிட வேண்டும். என்ஜினை ஓடவிட்டே இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும்.

இந்தக் கடைசி விஷயம் முதலாளிக்குப் பிடிக்காது. அந்த வின்சை விற்க அவர் ஏஜென்சி எடுத்திருந்தார். வாங்க வருகிறவர்களை ஜீப் அருகே நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, சமதளத்தில் ஒரு காலி வேனை இழுத்துக் காட்டுவார். சத்தமே இல்லை என்பதுதான் அவருடைய மொத்த விளம்பரம்.

ஒரு நாள் காலை, முசிறி சாலையில் வாழைத்தார் லாரி ஒன்று வாய்க்காலில் சரிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. டிரைவரின் கால் பெடலுக்கும் நசுங்கிய தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவர் மார்பு வரை. வண்டி இன்னும் சரிந்தால் மூழ்கிவிடுவார். பழைய லாரியை முதலில் அனுப்பலாம் என்றேன். அது பின்னால் வரட்டும் என்றார் முதலாளி. அன்றைக்கு வின்ச் பார்க்க வந்திருந்த கல்குவாரிக்காரர் ஒருவரையும் எங்களோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். எதற்கு என்று எனக்குப் புரியவே பாதி வழி ஆயிற்று.

கரையெல்லாம் கூட்டம். லாரிக்குள் ஒருவர் முனகிக்கொண்டிருக்க, பத்தடி தள்ளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தார் பொறுக்கினார்கள். ஒருவர் காய் திரண்ட தாராகப் பார்த்துப் பார்த்து எடுத்தார்.

எங்கள் மெக்கானிக் தண்ணீரில் இறங்கிக் கயிற்றை மாட்டினார். வின்ச் சுவிட்ச் என் கையில். ஜீப் என்ஜினை ஓடவிட்டு, ஆறவிட்டு ஆறவிட்டு இழுத்தேன். லாரி கொஞ்சம் நிமிர்ந்தது. அப்போது முதலாளி ஜீப்புக்குள் கைவிட்டுச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார்.

"இப்ப கேளுங்க சார். சத்தம் வருதா?"

குவாரிக்காரர் குனிந்து காது கொடுத்தார். நான் சாவிக்குப் பாய்ந்தேன். முதலாளி அதை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். நிறுத்தினால் கயிறு தளருமோ என்று பயந்து இழுத்துக்கொண்டே இருந்தேன். உருளை தயங்கியது, முக்கியது, நின்றது. இப்போது சாவியைத் தந்தார். ஜீப் கிளம்பவில்லை. கயிற்றில் லாரி தொங்கியதால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் வழியில்லை.

"தங்கச்சி, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று டிரைவர் உள்ளேயிருந்து கேட்டார்.

அவரிடம் சொல்லக்கூடிய காரணமாக அது இல்லை. பெரிய வண்டி வருகிறது அண்ணே என்று மட்டும் சொன்னேன்.

பழைய லாரி புகை கக்கிக்கொண்டு, காது கிழிய வந்தது. கட்டினோம், இழுத்தது, எங்கும் நிற்கவில்லை. தண்ணீருக்கு மேலே வந்ததும் கடப்பாரையால் தகட்டை நெம்பி அவரை வெளியே எடுத்தோம். உயிர் இருந்தது. பாதம் இருந்த நிலையை நான் எழுதப்போவதில்லை.

தள்ளியும் உயிர் வராத ஜீப்பை லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினோம். லாரியின் முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் குவாரிக்காரர், அந்தப் பக்கம் முதலாளி. முக்கால்வாசி வேலையை மின்சார வின்ச்தான் முடித்தது, லாரி சும்மா கை கொடுத்தது என்று முதலாளி விளக்கிக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீயே சாருக்கு எடுத்துச் சொல்லு. படிச்ச பொண்ணு சொன்னா நம்புவார்."

மேலே எழுதியிருக்கிற வித்தியாசங்களை எல்லாம் பரீட்சையில் எழுதுவதுபோல் வரிசையாகச் சொன்னேன். கடைசியில், "ஆள் மாட்டியிருக்கும்போது என்ஜினை அணைக்காதவங்க வாங்கலாம் சார்" என்றேன்.

குவாரிக்காரர் தலையாட்டினார். அவர் மடியில், அந்த வாழைத்தார் லாரியிலிருந்து எடுத்த சீப்பு ஒன்று இருந்தது. அதில் பழுத்ததாக ஒன்றைப் பிய்த்து என்னிடம் நீட்டி, "சாப்பிடும்மா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே" என்றார்.