கழிக்காத எடை

சித்திரபுரத்தில் மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆப்பிள் பறிக்கும் கைபேசி விளையாட்டில் என் எண் கோடி கோடியைத் தாண்டியது. விரலால் தொட்டால் ஏறும். தொடாவிட்டாலும் தானாக ஏறும். எண்களுக்குப் பெயர் தீர்ந்துபோய், பின்னால் இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகள்தான் வந்தன. இதையே விளையாடும் என் தம்பியுடையது 'ஏபி'. என்னுடையது 'ஏசி', அதைவிட ஆயிரம் மடங்கு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன்.

"இதுல சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிச்சாங்க?" என்றாள். மழைநாளில் அவள் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது அந்த இரண்டையும் கழித்துவிட்டுத்தான் எடை சொல்வார்கள்.

"இதுல யாரும் கழிக்க மாட்டாங்க," என்றேன் எரிச்சலோடு.

"அப்ப யாரும் பறிக்கவும் இல்ல."

கைபேசியைத் திரும்பப் பார்த்தேன். யாரும் தொடாமலே எண் 'ஏடி'க்குப் போயிருந்தது.