கறுப்புக் காற்சட்டைக்காரனும் நடுவர் குணரத்தினமும்

செய்தி வந்தபோது நான் மதியச் சாப்பாட்டில் இருந்தேன். வில் என்னும் நகரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் வந்து, தொலைபேசியில் யாரோ தமிழர் என்றார். பேசியவன் சூரி. "மாஸ்டர், குணத்தார் மோசம்போட்டார். ஹார்ட் அட்டாக். வேலைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தவராம்." நான் "ஓம்" என்றேன். திரும்பிப் போய் மிச்சச் சாப்பாட்டை முடித்தேன். பசி குறையவில்லை.

நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டவனும் சூரிதான். "நீங்கள் படிச்ச ஆள். அவரைப் பற்றி நாலு நல்ல சொல்லு எழுதித் தாங்கோ." எழுதுவதற்கு உடன்பட்டேன். நல்ல சொல்லுக்கு உடன்படவில்லை. சோலோதுர்னில் அகதிகளுக்கென்று தந்த வீட்டில் எங்களோடு இருந்தவர்கள் இதை வாசித்தால், நான் ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை என்பது தெரியும்.

நாங்கள் குணத்தார் என்று கூப்பிட்ட குணரத்தினம் ஊரில் நீதிமன்ற எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். வீட்டுக்கு வந்து மேலங்கியைக் கழற்றியதும் நீதிபதியாகிவிடுவார். "நான் ரெண்டு பக்கமும் கேட்டிட்டுத்தான் கதைப்பன்" என்று தொடங்குவார். கேட்பார் என்பது உண்மை. எந்தப் பக்கத்தில் ஆட்கள் அதிகம் என்று அறிவதற்காகக் கேட்பார். ஒருமுறை சூரி யாருடையவோ முட்டைகளை அவித்துத் தின்றுவிட்டான். "முட்டை திண்டவன் ஒரு கிழமைக்குக் காலமை எழும்பிக் கூவ வேணும்" என்பது குணத்தாரின் தீர்ப்பு. சூரி கூவினான். நாங்கள் போர்வைக்குள் கிடந்து சிரித்தோம். நடுவில் ஒருநாள் கூவும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்குத்தான் கூடுதலாகச் சிரித்தோம். இன்று இந்த மலரை அச்சடிக்க ஓடித்திரிகிறவன் அந்தச் சூரி.

சூரியின் தமையன் லண்டனிலிருந்து ஒரு வீடியோ கசெட் அனுப்பியிருந்தான். ஜப்பானில் நடந்த மல்யுத்தம். இரண்டு வெள்ளை மலைகளுக்கு எதிராக இரண்டு ஜப்பானியர். ஒரு பக்கத்தில் ஒருவன்தான் உள்ளே நிற்கலாம். மற்றவன் கயிற்றுக்கு வெளியே நின்று, கூட்டாளியின் கை தன் கையில் பட்ட பிறகுதான் உள்ளே போகலாம். மஞ்சள் காற்சட்டை போட்ட இளையவனை அந்த இருவரும் சங்கிலியாலும் இரும்புக் கதிரையாலும் அடித்தார்கள். நெற்றி பிளந்து, வெள்ளைத் துணி விரித்த மேடை சிவந்து போயிற்று. அவன் ஊர்ந்து ஊர்ந்து மூலைக்கு வந்து கையை நீட்டினான். வெளியே நின்ற கறுப்புக் காற்சட்டைக்காரன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு கீழே குதித்து, சனங்களுக்கு நடுவால் நடந்து போய்விட்டான். விளக்கம் சொன்ன குரல் ஜப்பானிய மொழியில் இருந்ததால், ஏன் போனான் என்று எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஒரு கிழமை வீட்டில் வேறு கதை இல்லை.

"அவன்ரை முழங்காலைப் பாரடா, கட்டுப் போட்டிருக்கு. அவனுக்கு ஏலாது."

"ஏலாதவன் என்னெண்டடா அவ்வளவு தூரம் நடந்து போனவன்?"

"எல்லாம் சோடிச்ச விளையாட்டு. கெச்சப் பூசியிருக்கிறாங்கள்."

"உன்ரை மண்டையிலை அந்தக் கதிரையாலை ஒண்டு போடட்டோ? கெச்சப் வருதோ பாப்பம்."

கடைசியில் குணத்தார் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டிமன்றம் வைத்தார். தலைப்பு: கூட்டாளியை விட்டுப் போனவன் துரோகியா, புத்திசாலியா? அவரே நடுவர். போனவனின் பக்கம் பேச ஆள் இல்லாததால் என்னை எழுப்பினார்கள். நான் பேசினேன். அந்தக் கை நீண்டபோது ஆட்டம் ஏற்கெனவே தோற்றுப் போயிற்று, ஒருவன் விழுந்த இடத்தில் இன்னொருவனும் போய் விழுவது வீரம் இல்லை, கணக்குப் பிழை என்றேன். அதோடு இருந்திருக்கலாம். "இந்த அறையிலை இருக்கிற எல்லாரும் ஆரோ ஒருத்தர் நீட்டின கையைப் பாத்திட்டு நடந்து வந்த ஆக்கள்தானே" என்றும் சொன்னேன்.

குணத்தார் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பக்கமும் கேட்டன். கறுப்புக் காற்சட்டை துரோகி. அவனுக்காகக் கதைச்ச மாஸ்டர் அவனிலும் பெரிய துரோகி." வீடு இடிய ஒரு சிரிப்பு எழும்பியது. நான் சொன்னதை அந்தச் சிரிப்பு துடைத்துவிட்டது. எனக்கு அன்றிலிருந்து அதுவே பெயர். "துரோகி, உப்பை இஞ்சாலை தாரும்." "துரோகிக்குத் தேத்தண்ணி ஊத்தட்டோ?"

யாரோ இதை ஊருக்கு எழுதியிருக்க வேண்டும். சிரிப்பு சோலோதுர்னில் தங்கிவிட்டது, சொல் மட்டும் போய்ச் சேர்ந்தது. அங்கே அந்தச் சொல் ஒருவர்மேல் விழுந்தால் பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உன் அண்ணன் வெளிநாட்டில் யாருக்கு வேலை செய்கிறான் என்று கேட்டு, என் தம்பியை இயக்கத்து ஆட்கள் ஒரு மாலை வீட்டில் வைத்தே கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் குணத்தாரிடம் போனேன். அவர் பேப்பரை விரித்துக் கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்கடை பேருக்கு ஊரிலை மதிப்பிருக்கு. நீங்கள் ஒரு வரி எழுதினால் தம்பியை விடுவாங்கள்."

"எனக்கும் அங்கை ரெண்டு தங்கச்சிமார் இருக்கு, மாஸ்டர்."

"இவனுக்குப் பத்தொன்பது வயசு, அண்ணை."

"விளங்குது. உமக்காக எழுதினால் நாளைக்கு எனக்கும் உந்தப் பேர்தானே வரும்?"

"அப்ப அந்தக் கறுப்புக் காற்சட்டைக்காரன் செய்தது சரியெண்டு சொல்லுறியளோ?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "என்ன மாஸ்டர், அது வெறும் விளையாட்டெல்லோ" என்றார். நகங்களைப் பேப்பரோடு மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

அது வெறும் விளையாட்டு. அந்த ஒரு வரியைத்தான் நான் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன்.

பட்டிமன்றத்தில் நான் சொன்னதை இன்றும் மாற்றமாட்டேன். பயந்தவன் நடந்து போகலாம், அவனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்தவனுக்குத் தீர்ப்புச் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்துவிட்டு, தன் முறை வந்தபோது நகத்தை மடித்துக்கொண்டு போனவரை நடுநிலையாளர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எரியூட்ட முன் பேசிய மூன்று பேரும் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். நான் பின்வரிசையில் நின்று, பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். அவருடைய ஆத்மா எப்படியாவது போகட்டும்.

தம்பியை இரண்டு கிழமைக்குப் பிறகு விட்டார்கள். போன ஞாயிறு தொலைபேசியில் அவனிடம் குணத்தார் செத்த செய்தியைச் சொன்னேன். "ஆர் அண்ணா? கேக்கேல்லை. பொறுங்கோ, மற்றக் காதிலை வைக்கிறன்" என்றான். ஒவ்வொரு முறையும் மறந்துபோய் முதலில் வலது காதில்தான் வைக்கிறான். அவன் ரிசீவரை மாற்றும்வரை ஒரு சத்தமும் இருக்காது. குணத்தாரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நேரம்தான்.