மூன்று அறைகளும் ஒரு மூச்சிரைப்பும்

என் மனைவி பட்டாசு ஆலையில் போர்மேன். நான் குரல் பதிவு செய்து பிழைப்பவன். புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுப் பெட்டியை நெட்வொர்க் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைக்கலாம், எவ்வளவு தூரமும் இழுக்கலாம் என்று அவளிடம் பெருமையடித்து மாட்டிக்கொண்டேன்.

“அப்ப எல்லாத்தையும் ஒரே ரூம்ல வைக்காதீக. ஒன்னு பத்துச்சுன்னா மத்ததாவது மிஞ்சும்ல” என்றாள்.

ஆலையில் வெடிமருந்து அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவதுபோல, கம்ப்யூட்டர் வாசல் அறைக்கும் பெட்டி நடு அறைக்கும் மைக் மாடி அறைக்கும் போயின. அடுப்படியில் சிலிண்டரும் அடுப்பும் ஒட்டி உரசிக்கொண்டு நிற்பதில் மட்டும் அவளுக்கு ஒரு புகாரும் இல்லை.

கீழே பதிவைத் தொடங்கிவிட்டு, மாடிக்கு ஓடித்தான் நான் பேச வேண்டும். மூச்சு அடங்கும்வரை பொறுத்தால் பழைய கம்ப்யூட்டர் தூங்கிப்போய்ப் பதிவும் நின்றுவிடும்.

முதல் ஆர்டர் அவளுடைய கம்பெனியிலிருந்தே வந்தது. தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு அறிவிப்பு: “ஆபத்து நேரத்தில் யாரும் பதறி ஓடக் கூடாது.” காலடிச் சத்தத்தை வெட்டிவிட்டேன். மூச்சிரைப்பை வெட்ட முடியவில்லை.

முதலாளி கேட்டுவிட்டு அசந்துபோனார்.

“பிரமாதம் அண்ணாச்சி! பத்துன ரூம்லருந்து ஓடித் தப்பிச்சவரே வந்து சொல்ற மாதிரில்ல இருக்கு!”