மோர்ச் செம்பின் நெளிவு

எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பொன்றின் வாயில் ஒரு நெளிவு இருக்கிறது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சுகாதாரப் பரிசோதகர் ஐயாவின் நினைவு வரும்.

அறுபதுகளில், மகன் நோயிலிருந்து பிழைத்தெழுந்ததற்கு நேர்த்திக்கடனாக, கோப்பாயில் எங்கள் அம்மன் தேரன்று மோர்ப்பந்தல் போட்டு வந்தேன். ஒரு வருடம் தேர் முடிந்து கொஞ்ச நாளில் நெருப்புக்காய்ச்சல் என்கிற டைபாய்டு பரவியது. என் மோரால்தான் வந்தது என்று கதை எழும்பிவிட்டது. நான் கடைக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். "இனி ஆர் எங்கடை கையாலை வாங்கிக் குடிக்கப் போகினம்?" என்று மனைவி செம்புகளைக் கவிழ்த்து வைத்தாள். அம்மனுக்குச் சொன்ன சொல் என்னாகும் என்பதே என் கவலை.

விசாரிக்க வந்தவர் அந்த ஐயா. காய்ச்சல்காரர் எதை, எங்கே, யார் கையால் குடித்தார்கள் என்று வீடு வீடாகச் சைக்கிளில் போய்க் கேட்டார். எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் போத்தலில் எடுத்தார். அந்நேரம் கிராமசபைத் தலைவர் வந்து நின்றார்.

"உவரின்ரை மோராலைதான் எண்டு எழுதி முடியுங்கோவன் ஐயா. ஊரே கதைக்குது."

"ஊர் கதைக்கிறதை எழுதிறதெண்டால் எனக்கேன் சைக்கிள்? கந்தோர் மேசையிலை இருந்தே எழுதுவன்."

அறிக்கை ஆங்கிலத்தில்தான். 'ட்ரேஸ்ட் டு' என்று அதில் போடுவார்களாம். நோய் இன்ன இடத்திலிருந்து வந்ததெனக் கண்டோம் என்பது அதன் பொருளாம். "காய்ச்சல்காரன்ரை பாயிலையிருந்து தண்ணி மொண்ட கிணறுமட்டும் வழி அறாமல் போனால்தான் அதை எழுதலாம். தேருக்கே வராத வீட்டிலையும் காய்ச்சல் கிடக்கு. வழி அறுந்துபோச்சு" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "அப்ப எங்களாலை வரேல்லை எண்டு எழுதுங்கோ ஐயா."

"அதையும் நான் காணேல்லை, அண்ணை."

தொடக்கம் தெரியவில்லை என்றுதான் எழுதிப் போனார். எனக்கு மனத்தாங்கல்தான்.

அடுத்த தேருக்கும் பந்தல் போட்டேன். சனம் பார்த்தும் பாராததுபோல் கடந்து போனது. வெயில் ஏறிய நேரம் ஐயா சைக்கிளை விட்டு இறங்கினார்.

"தண்ணி கொதிக்க வைச்சதே?"

"ஓம் ஐயா, கொதிச்சு ஆறினது."

செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "உப்புக் கொஞ்சம் குறைவு. இன்னொரு செம்பு ஊத்துங்கோ" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. அவருக்குப் பின்னால் ஒரு கிழவி கையை நீட்டினாள். பிறகு யார் யாரோ.

ஐயா மாற்றலாகிப் போய்க் கனகாலம். இன்றைக்கும் கொதித்தாறிய தண்ணீரில்தான் மோர் கரைக்கிறோம். புதுச் செம்புகள் வாங்கியாயிற்று. இந்தப் பழையதை மட்டும் தட்டி நிமிர்த்தக் கொடுக்கவில்லை. ஐயா குடித்த அன்று மத்தியானம் பந்தலில் சனம் நெருக்கியபோது கைதவறி விழுந்ததில் வந்த நெளிவு அது.