திங்கட்கிழமை எட்டு மணி விசா

எழுபது வயதில் முதுகுப் பையோடு நாடு நாடாக அலைகிறவனிடம் விசா ஆபீஸ்காரர்கள் கேட்பது ஒரே கேள்வி: திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம்? மாட்டுங்காவில் வீடு இருக்கிறது, பென்ஷன் வருகிறது, பல்லில் பாதி செயற்கை. நார்வேயில் ஒளிந்துகொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

நார்வே என் மனைவியின் ஆசை. பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சராக இருந்தவள். கடல் மலைகளுக்குள் நீளமாகப் புகுந்து கிடக்குமே, ஃபியர்டு, அதை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைந்திருக்கிறாள், நேரில் பார்த்ததில்லை. அவளுடைய முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, வீட்டை வாடகைக்கு விட்டுக் கிளம்பினோம். வியட்நாம், உஸ்பெகிஸ்தான், ஜார்ஜியா. அங்கிருந்தே ஐரோப்பா போவதாகத் திட்டம். ஆனால் ஜார்ஜியாவில் எங்கள் மனுவைக் கையில் வாங்கவே மறுத்துவிட்டார்கள். இந்தியாவில் குடியிருப்பவர்கள் இந்தியாவில்தான் மனு போட வேண்டுமாம். ஒரு முத்திரைக்காக வந்த வழியெல்லாம் திரும்பிப் போ என்கிறார்கள்! எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஜெர்மன் தம்பதிக்கு எல்லையில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். அவர்களை யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

திரும்பி வந்தோம். எங்கள் வீட்டில் வாடகைக்காரர் இருந்ததால் செம்பூரில் மைத்துனர் வீட்டில் பைகளை இறக்கினோம். அங்கே கோடை முடிந்தால் ஃபியர்டுக்குப் படகு ஓடாது. தினமும் கம்ப்யூட்டரைக் குடைந்து, கடைசியில் குர்லா பக்கத்து விசா சென்டரில் ஒரு நேரம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணி.

ஞாயிற்றுக்கிழமை டிபன் சாப்பிடும்போது மைத்துனர் கேட்டார். "அத்திம்பேர், திங்கட்கிழமை ஏழரையிலேர்ந்து ஒம்பது ராகு காலம். அந்த நேரத்துலயா பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் நீட்டப் போறேள்?"

"வெள்ளைக்காரனுக்கு ஏதுடா ராகு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் மார்க்கெட்டுக்குப் போனதும் நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். அறிவியல் படித்தவன். ஜாதகம் பார்ப்பவர்களை ஆபீசில் கேலி செய்தவன். அதே திங்கட்கிழமை பத்து மணி காலியாக இருந்தது. மாற்றினால் என்ன கெட்டுவிடும்? பழையதை ரத்து செய்தேன். புதியதை அழுத்துவதற்குள் அதை வேறு யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பழைய எட்டு மணியும் போயிற்று. அடுத்த நேரம் படகெல்லாம் நின்ற பிறகுதான்.

மனைவி வந்ததும், "அவாளே கேன்சல் பண்ணிட்டா" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

"நாளைக்கு நேர்லயே போய்க் கேப்போம். வாங்கோ" என்றாள்.

போனோம். வாசலில் காவலாளி, "அங்கிள், அப்பாயின்ட்மென்ட் நஹி தோ அந்தர் நஹி" என்று உள்ளே விடாமல் கையைக் குறுக்கே நீட்டினான். அவள் வாதாடினாள். நான் அவளைவிட உரக்கக் கத்தினேன். எங்களைப் பிச்சைக்காரர்கள் என்று நினைத்தாயா, எங்கள் நேரத்துக்கு மதிப்பில்லையா என்றெல்லாம் இங்கிலீஷில் முழங்கினேன். வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் சொன்னதில் பாதி நியாயம்தான். அன்றைக்குக் குற்றம் மட்டும் என்னுடையது.

திரும்பும் ஆட்டோவில் அவள் சொன்னாள். "ஏன்னா, எனக்காக நீங்க இப்படிச் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை."

அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

ஆட்டோ சிக்னலில் நின்றது. "ராகு காலமா? நீங்களா?" என்றாள். சிக்னல் மாறி ஆட்டோ கிளம்பியதும், "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் எமகண்டத்துலகூடப் போயிருப்பேனே" என்றாள். வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்த மைத்துனர், "என்னக்கா ஆச்சு?" என்றார்.

"அவாதான் கேன்சல் பண்ணியிருக்கா. உள்ளேயே விடலை" என்றாள் அவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"என்ன அநியாயம் இது! அத்திம்பேர், நீங்க இதைச் சும்மா விடப்படாது!" என்று அவர் கொதித்தார்.

மழைக்காலம் முடிந்து அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. இனி மலைப்பாதை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வருகிறவர்கள் நார்வே என்னவாயிற்று என்று கேட்கும்போதெல்லாம் விசா ஆபீஸ் கேன்சல் செய்துவிட்டதாக அவள் சொல்கிறாள். அவர்கள் அந்த ஆபீஸைத் திட்டுகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.